முதுகில் போட்ட தாளம்

கரியில் ஓடும் பஸ் மலாயாவின் சுங்கைப்பட்டாணியில் நின்றுவிடுகிறது. தண்ணீர் கேட்டு ஒரு கடைவீட்டுக்குள் போகிறேன். உள்ளே இரண்டு ஜோடிகள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். பாட்டே இல்லை. ஆனாலும் எட்டுக் காலும் ஒன்றாகத் திரும்புகின்றன. எனக்கு வாய் மூடவில்லை.

கற்றுக்கொடுப்பவர்கள் மேரியும் அவள் புருஷனும். இப்போது ஜப்பான்காரன் ஆட்சி; வெள்ளைக்காரன் பாட்டு வெளியே கேட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவான்.

"பாட்டு இல்லாம எப்படிம்மா ஆடுறாங்க?"

"ஜோடி முதுகுல விரலால தாளம் போடுவோம், பெரியம்மா. இது ப்ளூஸ்னு வெள்ளைக்காரன் ஆட்டம், மெதுவாப் போவும். வாங்க, காட்டுறேன்."

"நானா? யாரு தாளத்துக்கும் ஆடாதவ நான்!"

"என் தாளத்துக்கு ஆடிப் பாருங்கலா."

சிரித்துக்கொண்டே மேரி என் முதுகில் கைவைக்கிறாள். நாலு தட்டில் என் கால் தானாக நகர்கிறது. கையெழுத்துகூடச் சரியாக வராத எனக்கு இது வருகிறது!

வெளியே பூட்ஸ் சத்தம் கேட்கிறது. சன்னலுக்குக் கீழே வந்து நின்றுவிடுகிறது. ஜப்பான்காரன் எட்டிப் பார்த்தால் எல்லாரும் தொலைந்தோம். மேரியின் உள்ளங்கை வேர்த்து என் ரவிக்கை நனைகிறது.

வெகுநேரம் கழித்துத்தான் பூட்ஸ் நடந்து போகிறது. அதுவரை என் முதுகில் மேரியின் விரல் ஒரு தாளமும் தப்பவில்லை.