சித்தியின் சோலார் வழக்கு

அறையை விட்டு வரும்போது சித்தி சுவிட்சை அணைப்பாள். இரண்டடி நடந்து, திரும்பி வந்து, அதை மறுபடியும் விரலால் அழுத்திப் பார்ப்பாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

"அணைஞ்ச லைட்டை எத்தனை தடவைடி அணைப்பே?" என்று அம்மா கேலி செய்தால், "பில்லு உன் வீட்டுக்கா வருதுக்கா?" என்பாள். முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி. சித்தப்பா போனபின் அவற்றை வைத்தே பிள்ளைகளை வளர்த்தவளுக்கு, மின்கட்டணம் சொல்லாமல் வந்து நிற்கும் மாமியார் மாதிரி.

சோலார் விற்க வந்தவன் அந்தப் பயத்தை மோப்பம் பிடித்துவிட்டான். காலை பத்து மணி, மொட்டைமாடி முழுக்க வெயில். "பில்லே வராதுக்கா. மிச்சமாகுற காசே தவணையைக் கட்டிடும்."

"மத்தியானம் பக்கத்துக் கட்டடத்து நிழல் விழுமேப்பா?"

"வெளிச்சம் போதும்க்கா. வெயிலே வேணாம்."

பதினொரு பக்க ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டினாள். "நம்ம வீட்ல காலேஜ் போனவ நீதானே, பாரு." மூன்று பக்கம் பார்த்தேன். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். "சரியாத்தான் இருக்கு சித்தி" என்றேன். அது வீட்டை ஈடாக வைத்துப் பத்து வருடத்துக்கு வாங்கும் கடன் என்பது ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது.

பேனல் மாட்டிய பிறகும் மின்கட்டணம் கால்வாசிகூடக் குறையவில்லை. தவணையோ பழைய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. நான்காவது தவணை தவறியதும் வீட்டை எடுத்துக்கொள்வோம் என்று கடிதம் வந்தது. அதன் பிறகுதான் நுகர்வோர் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தோம்.

விசாரணை அன்று நிறுவனத்தின் வக்கீல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். "எல்லாம் உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

"அப்ப படிச்சிருக்கீங்க."

சித்தி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் சாட்சி சொல்ல எழுந்தார். எங்களுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்தவர். "நான் எங்க மாடியில டேங்க் கழுவிக்கிட்டிருந்தேன் சார். தங்கச்சி நிழலைப் பத்திக் கேட்டுச்சு. அந்தப் பையன் வெயிலே வேணாம்னான். அதை நம்பி நானும் போட்டேன், நானும் மாட்டிக்கிட்டேன்."

"டேங்க் கழுவுறப்ப அடுத்த மாடிப் பேச்சு கேக்குமா?"

"இன்ஜின் சத்தத்துலயே கடைசி சீட்டுல என்னைத் திட்டுறது கேக்கும் சார்."

நீதிபதி அம்மாவே சிரித்துவிட்டார். வக்கீல் சிரிக்கவில்லை. இடைவேளையில் டிரைவர் டெப்போவுக்குக் கிளம்பியபோது சித்தி வாசல் வரை போய், "உங்க கேஸுக்கு நான் வந்து சாட்சி சொல்றேண்ணே. சத்தியமா" என்றாள்.

அவர் தலை மறைந்ததும் வக்கீல் எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். முழுக் கடனும் ரத்து, கட்டிய தவணை திரும்ப வரும், பேனலை அவர்களே கழற்றிக்கொள்வார்கள். இரண்டு பக்கச் சமரச ஒப்பந்தம். இந்த முறை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். ஆறாவது வரியில் நிறுத்தினேன். நிறுவனத்தின் மீது வேறு யார் வழக்குப் போட்டாலும் சித்தி சாட்சி சொல்லக் கூடாது.

"இதை மட்டும் எடுக்கச் சொல்லுங்க சித்தி."

"எடுப்பீங்களா சார்?"

"எடுக்க மாட்டோம்மா. வேணாம்னா தீர்ப்பு வரட்டும். ரெண்டு வருஷம் ஆகலாம். எந்தப் பக்கமும் வரலாம்."

இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது. சித்தி சுவரில் சாய்ந்து நின்றாள். நான் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். போகப்போவது என் வீடு இல்லை. 'போடுங்க' என்றும் சொல்லவில்லை. முதல் முறை சொன்னதே போதும் என்றிருந்தது.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"டிரைவரண்ணன் கேட்டா?"

"நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

டிரைவர் கொடுத்த புகாரின் விசாரணை போன மாதம் நடந்தது. விடிவதற்குள் சித்தி துணி வாங்கப் போவதாகச் சொல்லி, வெறும் பையோடு கிளம்பிவிட்டாள். அவர் சித்தி வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத் தனியாகப் போனார். சாட்சி இல்லாததால் புகார் தள்ளுபடி.

அவருடைய காக்கிச் சட்டைகளுக்குச் சித்தி இப்போது கூலி கேட்பதில்லை. அவரும் விடாமல் காசை மெஷின் மேல் வைத்துவிட்டுப் போகிறார். ஏன் வரவில்லை என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் இன்னும் சொல்லவில்லை.