அத்தான் வெட்டிய ஓரம்

என் அத்தானுக்குக் கோணல் என்றாலே ஆகாது. இருபத்தாறு வருடமாகப் படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவர். ஸ்கேலும் பிளேடும் கையில் இருந்தால் ஊரையே நேராக்கிவிடுவார். குடும்பப் புகைப்படத்தை அவரிடம் கொடுத்தால், ஓரத்தில் நிற்கும் ஆள் பாதிக் காதோடுதான் வீடு திரும்புவார். கேட்டால், "ஃபிரேமுக்குள்ள அடங்கி நிக்கலைன்னா அது அவர் தப்பு" என்பார். என் கல்யாணப் படத்தில் எனக்கு ஒரு தோள்தான்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு நவீன ஓவியத்தின் அச்சுப் பிரதி தொங்கியது. மூன்று நீலப் பட்டைகள், அவற்றை ஒட்டி மஞ்சளாக ஒரு குழப்பம். ஒரு கண்காட்சிக்காக நாற்பது படங்களை இரண்டே நாளில் ஃபிரேம் போட்டுத் தந்ததற்கு நன்றியாக ஓவியர் கொடுத்தது. அதற்கு அர்த்தம் கேட்டால் அத்தான் தயங்கவே மாட்டார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கேட்டபோது "கடல்". எதிர்வீட்டு டீச்சர் கேட்டபோது "மனசு". நான் கேட்டபோது, "உனக்குச் சொன்னா புரியாது மாப்ளே."

போன மாதம் அந்த ஓவியரைப் பற்றிப் பேப்பரில் பெரிதாக வந்தது. அவருடைய அச்சுப் பிரதிகளை ஏலத்தில் போட்டி போட்டு வாங்குகிறார்களாம். என் அக்காவுக்குப் பல வருட ஆசை ஒன்று உண்டு: சமையலறைக்கு ஒரு ஜன்னல். பகலிலும் லைட் போட்டுக்கொண்டு, புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் அவள் சமைப்பாள். "படத்தை வித்துச் சுவரை உடைச்சிடலாம்" என்று அத்தான் வாக்குக் கொடுத்தார். அவள் திரைத்துணியே தைத்து வைத்துவிட்டாள்.

ஏலக் கம்பெனிக்கு நானும் உடன் போனேன். மதிப்புப் போடும் அம்மாள் படத்தை ஃபிரேமிலிருந்து கழற்றினார்.

"கீழ் ஓரம் எங்க சார்?"

"எந்த ஓரம்?"

"வெள்ளையா விட்டிருப்பாங்க. மொத்தம் அம்பது அச்சு, அதுல இது எத்தனாவதுன்னு பென்சில்ல எழுதி, ஓவியர் கையெழுத்துப் போட்டிருப்பார். விலையே அதுக்குத்தான்."

அத்தான் காலி ஃபிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் வெட்டினாங்களோ, வெட்டு மட்டும் ரொம்ப நேரா இருக்கு" என்றார் அம்மாள். இனி ஃபிரேமுக்கு ஏதாவது தேறினால் உண்டாம். தன் வேலைக்குக் கிடைத்த பாராட்டுக்கு அத்தான் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

வழியெல்லாம் "அவகிட்ட எப்படிச் சொல்வேன் மாப்ளே" என்று ஒரே புலம்பல். எனக்குப் பாவமாகிவிட்டது. நல்ல நல்ல பொய்யாக நாலைந்து எடுத்துக் கொடுத்தேன். மனிதர் வாசலில் அக்காவைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார்.

"ஓரத்தை நான் வெட்டிட்டேன். அதுலதான் விலையே இருந்துச்சாம்."

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எங்க வெட்டினீங்க? ஏதோ எழுதியிருக்கு, இருக்கட்டும்னுதான் சொன்னீங்க. கிறுக்கலா இருக்கு, வெட்டுங்கன்னு பிடிவாதம் பிடிச்சது நான். அன்னைக்கு ஸ்கேலைப் பிடிச்சுக்கிட்டதும் நான்தானே?"

அத்தான் தரையைப் பார்த்தார். "பிளேடு என் கையிலதானே இருந்துச்சு."

அந்த அம்மாளிடமும் சரி, வழி நெடுக என்னிடமும் சரி, இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அவரைக் கிண்டல் செய்தே பழகிய நான், படத்தை அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் படம் சமையலறைக்குப் போனது. ஜன்னல் வைக்க நினைத்த அதே சுவரில், அதே உயரத்தில் அத்தான் மாட்டினார். ஃபிரேமைக் கழற்றிப் போட்டதில், அடையாளத்துக்குக் கையெழுத்தும் இல்லாததால், எது மேல், எது கீழ் என்று ஒரு சண்டை நடந்தது. மஞ்சள் மேலே இருக்கட்டும் என்று அக்கா முடித்துவைத்து, தைத்து வைத்திருந்த திரையை இருபுறமும் கட்டினாள்.

இப்போது யாராவது அர்த்தம் கேட்டால் அத்தான் வாயைத் திறப்பதில்லை. அக்காதான் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொல்கிறாள்:

"ஜன்னல்."