லூயிஷாம் சோதனைச் சாவடி

சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு லண்டன் லூயிஷாமில் ஒரு தேவாலய மண்டபத்தின் கதவைத் தள்ளித் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் இராணுவச் சோதனைச் சாவடி. இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், அவற்றின் மேல் குறுக்காக, நிலம் கூட்டுகிற ஒரு தும்புத்தடி. ஒரு கதிரையின் முதுகில் "நில்" என்று மூன்று மொழிகளில் எழுதிய மட்டை ஒட்டியிருந்தது. பின்சுவரில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் வரைந்த நோவாவின் பேழை. அதிலிருந்து இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள் சாவடியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

என் மனைவி குடையை மடக்கியபடி அதைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானோ?" என்றாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மேற்குக் கரையில் உள்ள ஒரு பாலஸ்தீனக் கிராமத்துக்கு மூன்று மாதம் தொண்டராகப் போவதற்கு விண்ணப்பித்திருந்தாள். அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடி இருக்கிறது. தொண்டரின் வேலை, காலையும் மதியமும் அந்த வழியில் நிற்பது. நடப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால் சிப்பாய்கள் கொஞ்சம் ஒழுங்காக நடப்பார்கள் என்பது எண்ணம். இதை எங்கள் ஆட்களுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தின் கொடி கட்டிய வெள்ளை வாகனம் சந்தியில் நின்ற நாட்களில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சாவடியிலும் வரிசை வேகமாக நகர்ந்தது. அப்போது நாங்கள் உள்ளூர்க்காரர். இப்போது பிரித்தானியக் கடவுச்சீட்டு இருப்பதால் மனைவியும் வெளிநாட்டுக்காரி. பதவி உயர்வுதான்.

செய்தியைக் கேட்டதும் மோர்டனில் இருக்கும் அவளுடைய அண்ணன் தொலைபேசியில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"உனக்கு முழங்கால் வருத்தம். அங்கை போய் என்ன செய்யப் போறாய்?"

"நிக்கப் போறன், அண்ணை."

"நிக்கவோ?"

"ஓம்."

"நிக்கிறதுக்கு ஆராவது டிக்கெட் போட்டுப் போவினமே? மோர்டன் ஸ்டேசனிலை வந்து நில். பின்னேரம் நான் தேத்தண்ணி கொண்டுவந்து தாறன்."

வெஸ்ட் ஈலிங் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எல்லா விஷயத்திலும் கருத்து வைத்திருக்கும் ஒருவர் மனைவியை மறித்தார். எங்களுக்கு நடந்தபோது ஆர் வந்தவை என்று கேட்டார். நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"ஆரும் வரேல்லை," என்றாள் அவள். "வந்திருந்தா நல்லம் எண்டு அப்ப நினைச்சனான்."

அவர் கார் பார்க்கிங் கட்டணம் கூடிவிட்டதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

இந்த லூயிஷாம் சனிக்கிழமை, அனுப்பத் தகுந்தவர்களைத் தெரிவு செய்யும் பயிற்சி நாள். ரயில் பாதையில் திருத்த வேலை நடந்ததால் நான் சாரதியாக வந்தேன். வாசலிலேயே என்னைப் பிடித்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். ஆள் குறைவாம். பகல் நாடகத்தில் எனக்கும் வேடம் உண்டென்றார்கள். வேடம், வரிசை. சாவடியில் காத்திருக்கும் கிராமத்து மக்கள் அனைவருமாக நான் நிற்கவேண்டும்.

பயிற்சியை நடத்தியவர் மெல்லிய குரலும் கம்பளிச் சால்வையும் கொண்ட ஓர் ஆங்கிலப் பெண்மணி. எல்லோரையும் வட்டமாக இருத்தி, இன்றைக்கு உங்கள் மனதில் என்ன வானிலை என்று கேட்டார். ஒருவர் இடையிடையே வெயில் என்றார். இன்னொருவருக்கு மூடுபனி. மனைவி யன்னலைப் பார்த்து மழை என்றாள். வட்டம் முழுவதும் தலையைச் சாய்த்து அனுதாபப்பட்டது. வெளியே கொட்டிக்கொண்டிருந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி என்பது விண்ணப்பத்தில் இருந்தது. அதை அந்த மண்டபத்தில் "வாழ்ந்த அனுபவம்" என்று அழைத்தார்கள். தேநீர் இடைவேளையில் ஒவ்வொருவராக வந்து அந்த அனுபவத்தின் பக்கத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு, பிஸ்கட் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இடைவேளைக்குப் பிறகு திரையில், வீடியோ அழைப்பில், அந்தக் கிராமத்துப் பெண்மணி ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூட வழியோரம் வீடு. தொண்டர்கள் தங்குவது அவருடைய மேல்மாடி அறையில்தான். ஆங்கிலம் வகுப்பறை ஆங்கிலம், தெளிவாகவும் கட்டளையாகவும் இருந்தது.

"பிள்ளைகள் முன்னால் அழாதீர்கள்," என்று தொடங்கினார். "கடைசியாக வந்தவர் தினமும் மாலையில் அழுதார். எனக்கு நாலு பிள்ளைகள். அந்த மூன்று மாதமும் ஐந்து. பாலும் முட்டையும்கூடச் சாப்பிட மாட்டேன் என்பவர்கள், நான் சமைத்து முடித்த பிறகு அதைச் சொல்லாதீர்கள். நடக்க நல்ல சப்பாத்து கொண்டுவாருங்கள். அவ்வளவுதான். உலகத்தை மாற்றுவதைப் பற்றி மற்றவர்கள் உங்களோடு பேசுவார்கள்."

சால்வைப் பெண்மணி சிரித்தார். திரைக்காரி சிரிக்கவில்லை. அவருடைய பார்வை வட்டத்தை ஒரு முறை சுற்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் வந்து நின்றது.

"நீல கார்டிகன் போட்டிருப்பவர். முழங்கால் எப்படி?"

"வலது சரியில்லை."

"எனக்கு இடது. பரவாயில்லை, இரண்டு பேருமாகச் சேர்ந்தால் ஒரு சோடி இருக்கிறது. உங்கள் ஊரில் சிப்பாய்கள் உண்டா?"

"நிறைய இருந்தார்கள்."

"அப்படியானால் கதிரை கண்ட இடத்தில் இருந்துவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்." சால்வைப் பெண்மணியின் பக்கம் திரும்பினார். "இவரை அனுப்புங்கள். அறையை ஒதுக்கி வைக்கிறேன்."

தெரிவு என்பது ஒரு கூட்டுச் செயல்முறை என்று சால்வைப் பெண்மணி விளக்கினார். கிராமத்தின் கருத்தும் கவனத்தில் எடுக்கப்படும் என்றார். மனைவி தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். முகத்தில், விமானத்தில் யன்னலோர இருக்கை கிடைத்த பிள்ளையின் களை.

பிறகு நாடகம். முதல் சுற்றில் சிப்பாயாக வந்தவர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். உயரமான, நல்ல மனிதர். தேவாலயத்து நாடகப் பெட்டியிலிருந்து எடுத்த கறுப்புத் தொப்பி அவருடைய தலையில் ஒரு காதுப்பக்கமாக நின்றது. தும்புத்தடியைத் தட்டி, "பேப்பர்ஸ்" என்று ஒரு ஜெர்மன் உச்சரிப்பில் கத்தினார். அது எந்த இராணுவம் என்று யாரும் கேட்கவில்லை. தொண்டர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து நின்று தங்கள் பெயரையும் நோக்கத்தையும் அமைதியாகச் சொல்லிக் கடந்து போனார்கள். ஆறு நிமிடத்தில் ஆக்கிரமிப்பு முடிந்தது. உடம்பில் எந்த இடத்தில் அதை உணர்ந்தீர்கள் என்று சால்வைப் பெண்மணி கேட்டார். தோளில் என்றார் ஒருவர். வரிசையான எனக்குக் காலில்.

இரண்டாம் சுற்றில் இடம் மாற்றினார்கள். ஆசிரியர் தொண்டர். மனைவி சிப்பாய்.

அவள் தொப்பியை வாங்கி மேசையில் வைத்தாள். கதிரைகளில் ஒன்றை இழுத்து இருந்தாள். தும்புத்தடியின் ஒரு முனை நிலத்தில் விழுந்தது, அதை எடுக்கவில்லை.

"வணக்கம், சார். ஏதாவது அட்டை இருக்கிறதா?"

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றுவதற்கு முன் பேசும் குரல். ஆசிரியர் கையில் அகப்பட்டதை, முதியோருக்கான தன் இலவசப் பயண அட்டையை, நீட்டினார். அவள் முன்னும் பின்னும் வாசித்தாள். நன்றி சொன்னாள். கார்டிகன் பைக்குள் போட்டாள்.

"என்ன வேலை, சார்?"

"ஆசிரியர். கணிதம்."

"நல்ல பாடம். பிள்ளைகளுக்கு உங்களைப் பிடிக்குமா?"

"அப்படித்தான் நம்புகிறேன்."

"நல்லது. அங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்."

அவர் போய் நின்றார். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அவள் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரை அட்டை கேட்காமலே போகச் சொன்னாள். என்னிடம், அதாவது வரிசையிடம், காலையில் சாப்பிட்டாயா என்று விசாரித்தாள். ஆசிரியர் முதலில் புன்னகையோடு நின்றார். பிறகு பயிற்சியில் சொல்லித்தந்தபடி, தன்னைத் தடுத்து வைப்பதற்கான காரணத்தை அறிய விரும்புவதாகச் சொன்னார்.

"நியாயமான கேள்வி, சார்," என்றாள். தேநீரைக் குடித்தாள்.

கொஞ்ச நேரம் போனது. இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம்."

இன்னும் போனது. அவருடைய காது சிவந்திருந்தது. நாடகக் குரலை விட்டு, மன்னியுங்கள், அந்த அட்டை எனக்கு உண்மையிலேயே வேண்டும், வீட்டுக்குப் போக அதுதான் இருக்கிறது என்றார்.

"எந்த அட்டை, சார்?"

சால்வைப் பெண்மணி எழுந்து வந்து இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டினார். நாடகத்தை நிறுத்தவேண்டுமென்றால் இந்தச் சைகை என்று காலையில் சொல்லியிருந்தார்கள். அப்போது மனைவி கழிவறைக்குப் போயிருந்தாள். அவள் சைகையைப் பார்த்தாள்.

"நீங்களும் அங்கே நில்லுங்கள், மேடம்," என்றாள்.

சால்வைப் பெண்மணி போய் ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்றார். அவரே நடத்தும் பயிற்சி. அரை நிமிடம் நின்றிருப்பார். யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாடு வந்ததால் விடுதலை கிடைத்தது. ஹம்முஸ் என்ற அரபுக் கடலை மசியலும் ரொட்டியும், ஒருமைப்பாட்டுக்காக. மனைவி அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "நொந்ததா, சார்?" என்று கேட்டாள். இரத்தம் எடுத்து முடிந்ததும் கேட்கிற கேள்வி. அவர் வெளியே போய் மழையில் நின்றுவிட்டு வந்து அவளுடைய கையைக் குலுக்கினார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"உதெல்லாம் எங்கை பழகினனீர்?"

"பழகிறதுக்கு என்ன கிடக்கு. ஏஎல் சோதினை எழுதப் போகேக்கை சாவடியிலை ஒருத்தன் அப்பிடித்தான் செய்தவன். ஐடியை வாங்கிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டு, என்ன பாடம் எண்டு கேட்டான். ரசாயனம் எண்டன். நல்ல பாடம் எண்டான். தன்ரை தங்கச்சியும் அதுதான் படிக்கிறாளாம்."

"பிறகு?"

"சோதினை தொடங்கினாப் பிறகு தந்தவன். சத்தம் போடேல்லை. மரியாதையான பொடியன்."

சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார்.

"இஞ்சாருங்கோ, பாதையைப் பாருங்கோ," என்றாள். பிறகு, நல்ல சப்பாத்து எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டாள். மலைப்பாதை என்றபடியால் கணுக்கால் மூடுவதாக இருக்கவேண்டுமாம். அடுத்த வாரமே வாங்கினாள். வீட்டுக்குள் போட்டு நடந்து பழகினாள். கம்பளத்தில் மண் இல்லாத சப்பாத்தின் சத்தம் பின்னேரம் முழுவதும் கேட்டது.

மின்னஞ்சல் இரண்டு கிழமையில் வந்தது. மிக அன்பான மின்னஞ்சல். பத்திரிகையில் இருபது வருடம் மற்றவர்களுடைய பந்திகளை வெட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், மறுப்பை அதில் கண்டுபிடிக்க மூன்றாம் பந்தி வரை இறங்க வேண்டியிருந்தது. அவளுடைய துணிவை வியந்திருந்தார்கள். வாழ்ந்த அனுபவத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். களச்சூழல் பழைய காயங்களைத் தொடக்கூடும் என்பதால், அவளுடைய நலனை முன்னிட்டு இம்முறை அனுப்பவில்லை. ஆனால் பயிற்சி நாட்களில் சிப்பாயாக வந்து உதவ முடியுமா? அந்தச் சுற்றுத்தான் எல்லோருக்கும் அதிகம் பயன்பட்டது என்று கருத்துக் கேட்டதில் தெரியவந்ததாம்.

மனைவி இரண்டு முறை வாசித்தாள்.

"அந்த மனுசி அறையை ஒதுக்கி வைச்சிருப்பா," என்றாள்.

"அவைக்கு எழுதிக் கேளும்."

"என்னத்தைக் கேக்கிறது. அட்டை அவையளிட்டைக் கிடக்கு."

சிப்பாய் வேலைக்குச் சம்மதம் என்று பதில் போட்டாள். போறவைக்கு ஒருக்கால் எண்டாலும் தெரியவேணும் என்றாள். மோர்டன் அண்ணன், தங்கச்சி ஒருவழியாக ஆமியில் சேர்ந்துவிட்டாள் என்று குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டார். பதினொரு பேர் சிரித்தார்கள்.

அந்த இடத்துக்குக் கணித ஆசிரியரைத் தெரிவு செய்தார்கள். செப்டம்பரில் புறப்பட்டார். அங்கே விமான நிலையத்தில் அதிகாரிகள் ஓர் இரவு வைத்திருந்து, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். வந்ததும் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். என்ன பாடம் கற்பித்தீர்கள் என்று கேட்டார்களாம். மிக மரியாதையாக நடந்துகொண்டார்கள் என்றார்.

அந்தப் பள்ளித் தவணை முடியும்வரை அந்தக் கிராமத்துப் பாதையில் நிற்க லண்டனிலிருந்து ஒருவரும் போகவில்லை.