மியூசியத்தில் தலையாட்டிய கதை

கழுத்தில் பூசிய பவுடர் வியர்வையில் கரைந்து முதுகில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. தாம்பரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறியதிலிருந்து அண்ணன் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளையை எப்பவும் உன் வலது பக்கம் வச்சுக்கோ. இடது பக்கம் வந்தார்னா நீ நகர்ந்துடு. புரியுதா லில்லி?"

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சின்ன வயதில் வந்த பொன்னுக்குவீங்கியில் என் இடது காது அறவே கேட்காமல் போயிருந்தது. வகுப்புப் பிள்ளைகளுக்கு அது தெரியும். நோட்டைத் தூக்கிக்கொண்டு தாங்களாகவே வலது பக்கம் வந்து நிற்பார்கள்.

ஆனால் அதைச் சொன்னதால் இரண்டு வரன்கள் தட்டிப்போயின. இரண்டுமே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவை. அப்பா அம்மா இல்லாத வீடு... அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அண்ணன் நொந்துபோயிருந்தார்.

அதனால் இந்த முறை வெளியில் சந்திப்பு. எழும்பூரில் மியூசியம், பிறகு மவுண்ட் ரோடில் ஒரு ஹோட்டலில் டிபன். காதைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

மாப்பிள்ளை பெயர் டேனியல். பேங்க் வேலை. அவருடைய அக்காவும் வந்திருந்தார். எங்கள் இருவரையும் முன்னால் நடக்கவிட்டு, அந்த அக்காவும் என் அண்ணனும் வேண்டுமென்றே பின்தங்கினார்கள்.

சிலைகள் இருந்த அறையில் எப்படியோ சமாளித்தேன். அவர் ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சுற்றினால் நானும் அவசரமாகச் சுற்றிப்போய் அவருக்கு இடப்புறம் நின்றுகொள்வேன். ஒருமுறை அவர் காலையே மிதித்துவிட்டேன். "சாரி, சாரி" என்று நான் பதற, அவர் சிரிக்காமல் "பரவாயில்லைங்க" என்றார்.

ஓவியங்கள் மாட்டியிருந்த அறைக்கு வந்தோம். உயரமான கூரை... யாரோ இருமினால்கூட நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. ஒரு பெரிய படத்தின் முன்னால் நின்றேன். நான் கவனிப்பதற்குள் அவர் என் இடது பக்கம் வந்துவிட்டார்.

படத்தின் கண்ணாடியில் அவர் உதடு அசைவது தெரிந்தது. திரும்பினேன். பேசி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி சொல்லச் சொன்னால் காது கேட்காதது தெரிந்துவிடும். படம் நன்றாயிருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பார் என்று நினைத்து, சிரித்துத் தலையாட்டினேன்.

"நிஜமாவா?" என்றார். அது கேட்டது.

"ஆமாம்" என்றேன்.

அன்று முதல்முறையாக அவர் சிரித்தார். எனக்கோ ஒன்றும் புரியவில்லை. எதற்கு ஆமாம் சொன்னேன்?

ஹோட்டலில் திரைபோட்ட ஃபேமிலி ரூம். அவருடைய அக்கா என் கையைப் பிடித்து முதலில் உள்ளே தள்ளிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வலது பக்கம் சுவர். எதிரில் டேனியலும் அண்ணனும். வெளியே தட்டுகள் மோதும் சத்தம். அண்ணன் முகம் வெளிறிவிட்டது.

கட்லெட் வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஏதோ சொன்னார். நான் முழுதாகத் திரும்பி அவர் வாயைப் பார்த்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"வேலையை விட்டுடறேன்னு சொன்னியாமேம்மா. தம்பி இப்பத்தான் சொன்னான். எங்க அம்மா பக்கவாதத்துல படுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. என் புள்ளைங்களை விட்டுட்டு தினம் நான்தான் ஓடி வரேன். நீ ஒத்துக்குவியோ மாட்டியோன்னு பயந்துட்டே இருந்தேன்."

அண்ணன் மேஜைக்கு அடியில் என் காலை அழுத்தினார். பேசாமல் இரு என்று அர்த்தம். பேசாமல் இருந்திருந்தால் கல்யாணம் அன்றே முடிவாகியிருக்கும்.

"நான் அப்படிச் சொல்லலைக்கா" என்றேன். "எனக்கு இடது காது கேட்காது. அவர் கேட்டது காதுல விழலை. சும்மா தலையாட்டிட்டேன். மன்னிச்சுக்குங்க."

அக்கா மெதுவாக என் கையை விட்டார்.

"பிரதர், இதை முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார் அண்ணனிடம். அண்ணன் தலை நிமிரவில்லை.

டேனியல்தான் பேசினார். எனக்குக் கேட்கவேண்டும் என்று குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"காது எனக்குப் பெரிய விஷயமில்லைங்க. ஆனா பகல்ல அம்மாகூட ஒருத்தர் இருந்தே ஆகணும். வேலையை விடுவீங்களா?"

நல்ல மனிதர் என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. அதனால்தான் பதில் அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

"மாட்டேங்க. அந்த வேலைதான் எனக்கு எல்லாம்."

அவர் தலையசைத்தார். கோபமில்லை. "முதல்ல டிபனைச் சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார். அந்தக் கட்லெட்டை எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை.

திரும்பும் ட்ரெயினில் அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தேன். பல்லாவரம் தாண்டியதும் எழுந்து என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். அப்புறம், "உன்னை ஒளிச்சு வைக்கப் பார்த்தேன்ல... தப்பு லில்லி" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

முப்பத்தொரு வயதில் எனக்குக் கல்யாணம் நடந்தது, காதையும் வேலையையும் முதலிலேயே சொல்லி. ரிடையர் ஆகும்வரை டீச்சராகவே இருந்தேன். டேனியலை மறுபடி பார்க்கவே இல்லை. அவர் அம்மாவை யார் பார்த்துக்கொண்டார்களோ... அந்தக் குறுகுறுப்பு இன்னும் உண்டு.

போன மாதம் அண்ணன் பேத்தி ஒரு பையனைச் சந்திக்க வேளச்சேரியில் ஒரு காபி ஷாப்புக்குப் போனாள். தனியாகத்தான். "எனக்கு வீசிங் இருக்குன்னு மெசேஜ்லயே சொல்லிட்டேன் பாட்டி. வேலையை விட மாட்டேன்னும் சொல்லிட்டேன். அவன் ராத்திரி குறட்டை விடுவானாம், அதை அவன் சொல்லிட்டான்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இதைக் கேட்க அண்ணன் இல்லையே என்றிருந்தது...