எதிரணியில் என் நண்பன்

நான் இருக்கும் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், நீங்கள் ஒன்றைச் சொல்லி முடித்தால் எதிரில் இருப்பவர் உடனே பதில் பேசமாட்டார். மூன்று விநாடி, சில சமயம் ஐந்து விநாடி, சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். வந்த புதிதில், நான் சொன்னது புரியவில்லை போலிருக்கிறது என்று அதையே மறுபடியும் சத்தமாகச் சொல்லித் தொலைப்பேன். அப்புறம்தான் தெரிந்தது, யோசிக்கிறார்களாம்! ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டே இருக்கும். உள்ளே யாரும் பேசாத வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது போல ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்தில் நான் போய் இறங்குகிற இடம் எப்போதும் தாம்பரம்தான்.

தாம்பரத்தில் நான் படித்தது வேதியியல், கற்றுக்கொண்டது பட்டிமன்றம். முதலாண்டில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. சேலையூரிலிருந்து வரும் முரளிதான், எதிரணிக்கு ஆள் குறைகிறது என்று என்னை மேடையில் தள்ளிவிட்டான். "மச்சான், பேச ஒண்ணும் வரலைன்னா என்னைத் திட்டு. அது உனக்கு நல்லா வரும்" என்றான். திட்டினேன். "நடுவர் அவர்களே, நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசிய என் நண்பர், முதல் பீரியடை இதுவரை கண்ணால் கண்டதில்லை!" அரங்கமே விசிலடித்தது. முதலில் சிரித்தவன் முரளி. பிறகு அவன் எழுந்து என்னைக் கிழித்தான். மூன்று வருடமும் இதே கதை. எவ்வளவு கிழிக்கிறோமோ அவ்வளவு பிரியம் என்று அர்த்தம். முடிந்ததும் தோளில் கை போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய் டீயும் பஜ்ஜியும் சாப்பிடுவோம். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத அந்த மேடைதான் எனக்கு வாயைக் கொடுத்தது. அந்த வாயை வைத்துத்தான் நேர்காணலில் பேசி, ஆராய்ச்சிப் படிப்புக்காக இவ்வளவு தூரம் வந்தேன்.

இங்கே எனக்கு வாய்த்த ஒரே நண்பன் யுக்கா. குளிருக்கு எதன் மேல் எதைப் போட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவன், ஆய்வுக்கூடத்தில் என் கூட்டாளி. ஒரு கருத்தரங்கில் அவன் கட்டுரையை அலசும் பொறுப்பு என்னிடம் வந்தது. விடுவேனா? "யுக்காவின் அட்டவணை இந்த ஊர்க் குளிர்காலம் மாதிரி. எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது" என்று ஆரம்பித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சரி, சூடு போதவில்லை என்று மேலும் கிழித்தேன். முடித்துவிட்டு வழக்கம்போல அவன் தோளில் கை போட்டு, காபி குடிக்கக் கூப்பிட்டேன். அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "நான் உனக்கு என்ன செய்தேன்?" என்று கேட்டான். ஐயோ, அந்த முகம்! ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. இந்த ஊரில் இருந்த ஒரே ஆளையும் நானே விரட்டிவிட்டேனே என்று அறையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அவனைத் தேடிப் போய், பட்டிமன்றம் என்றால் என்னவென்று விளக்கினேன். நெடுநேரம் யோசித்தான். "பிடித்திருந்தால், பிடித்திருக்கிறது என்றே சொல்லலாமே" என்றான்.

அதையும் கற்றுக்கொண்டேன். இப்போது முதலில் நல்லதைச் சொல்கிறேன், பிறகு சந்தேகம் கேட்கிறேன், அப்புறம் சற்றுத் தள்ளி நின்று காத்திருக்கிறேன். யுக்கா திரும்பி வந்தான்.

போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது கல்லூரியில் பழைய மாணவர்கள் பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். நாவலூரில் வேலை பார்க்கும் முரளி லீவு போட்டுவிட்டு எதிரணியில் வந்து உட்கார்ந்திருந்தான். என் கோட்டு, என் இங்கிலீஷ், என் பனி என்று ஒன்றையும் விடாமல் கிழித்தான். வயிறு வலிக்கச் சிரித்தேன். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். "என் நண்பர் நன்றாகத் தயாராகி வந்திருக்கிறார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது" என்றுதான் வாயில் வந்தது. மரியாதையாகக் கை தட்டினார்கள்.

டீக்கடையில் முரளி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னாடா, ஒரு வார்த்தைகூடத் திட்டலை. என் மேல எதுனா கோவமா, மச்சான்?" என்றான்.

"சேச்சே, இல்லடா" என்றேன். அவன் நம்பவில்லை. அப்போதுதான் கவனித்தேன். அந்தச் சின்ன பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவே இன்னும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடைவெளியை விட்டு உட்கார்ந்திருந்தது நான்தான்.