புற்றுச் செல்லுக்குப் படியளந்தேன்

ஆராய்ச்சி என்றால் எதையாவது கண்டுபிடிப்பது என்று நம்பித்தான் நாமெல்லோரும் வந்து மாட்டிக்கொண்டோம். உண்மையில் அது கைக்குழந்தை வளர்க்கிற வேலை. எண்பதுகளில் திருச்சியில் ஒரு ஆய்வுக்கூடத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களைப் பாட்டிலில் வளர்ப்பது என் உத்தியோகம். அந்தச் செல்லை ‘வளரு, வளரு’ என்று விரட்டும் ஒரு புரதத்தை மருந்தால் மடக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

மடி

செல் வளர, கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஊற்ற வேண்டும். அதிலிருக்கும் புரதம்தான் சாப்பாடு. இதை ஸ்ரீரங்கத்து வீட்டில் உளறித் தொலைத்தேன். அன்றிலிருந்து அம்மா வாசலிலேயே மறிப்பாள்: “தீர்த்தமாடாம தளிகையுள்ளுல காலெடுத்து வச்சே, பார்த்துக்கோ!” குளிக்காமல் சமையலறைப் பக்கமே போகக் கூடாதாம்.

கரண்ட் கட்

கரண்ட் போனால் செல் பாட்டில்களை வைத்த இன்குபேட்டர் பெட்டியையே சுற்றிச் சுற்றி வருவேன். அதன் சூடு ஆறினால் செல் செத்துப்போகுமே! நான் தவிப்பதை அட்டெண்டர் ஸ்டெல்லா முகம் கடுத்துப் பார்ப்பார். பாலக்கரைக்காரர். அவருடைய அக்காவுக்கு இதே நோய், டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஒருநாள் கேட்டே விட்டார்: “செத்தா செத்துட்டுப் போகட்டுமேங்க. எங்க அக்கா ஒரு வாய் சோறு இறங்காம கிடக்காங்க, நீங்க இதுக்கு ஊட்டி விடுறீங்க!”

நின்றது

ஒரு திங்கட்கிழமை, மருந்து போட்ட பாட்டிலில் செல் வளரவேயில்லை. போடாததில் மண்டிக் கிடந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். ஆளுக்குக் கொடுக்க வருஷக்கணக்காகும் என்றும் சொன்னேன்; அது அவர் காதில் ஏறவில்லை. “அக்காகிட்ட இன்னிக்கே சொல்லிடுறேங்க, அது நின்னுடுச்சுன்னு.”

விட்டுப்போன டிக்

சீரம் ஊற்றியதும் நோட்டில் டிக் அடிப்பது எங்கள் வழக்கம். அடுத்த வாரம் புரட்டிப் பார்த்தால், மருந்து பாட்டிலுக்கு நேரே மட்டும் டிக் இல்லை. அந்தத் தேதி வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள். கூட்டத்தில் ஸ்ரீரங்கம் பஸ் கிடைக்காதே என்று ஓடியதில் அதற்குச் சீரம் ஊற்றவே மறந்திருக்கிறேன். செல்லை நிறுத்தியது மருந்து இல்லை, பட்டினி.

ஸ்டெல்லாவிடம் எப்படித்தான் சொன்னேனோ! அவர் திட்டியிருந்தால் தேவலை. கழுவிய பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: “அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நின்னுடுச்சுன்னு கேட்டதிலேருந்து ரெண்டு வேளையும் சாப்பிடுறாங்க.”

நாலு வருஷம் வேளை தவறாமல் படியளந்த என்னால் ஒரு மனுஷி வயிறாரச் சாப்பிட்டது, நான் ஊற்ற மறந்த அந்த ஒரு வேளையில்தான்.