பல்லுக்கு முதலிடம்

என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்தின் ஓரத்தில் தாடையை மோதிக்கொண்டாள். மைசூர் விஜயநகரில் இருக்கும் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அலறியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் வாயெல்லாம் ரத்தம். நான் ஐசியு நர்ஸ். பத்து வருஷத்துக்கு மேல் ரத்தத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கியவள். அன்றைக்கு நான் போய் நின்ற கோலத்தைப் பார்த்து, அவளுடைய மிஸ் எனக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்தார். எலும்பு கிலும்பு விட்டிருக்குமோ என்று பயந்து, ஊரிலுள்ள பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

அங்கே அவளை நிற்கவைத்து, ஒரு சின்னக் குச்சியைப் பல்லால் கடிக்கச்சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். இயந்திரம் அவள் தலையைச் சுற்றி வந்தது. கல்யாண வீட்டு போட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றாள். கொஞ்ச நேரத்தில் படம் கம்ப்யூட்டர் திரையில் வந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்று அங்கிருந்த ஒரு இளம் டாக்டரம்மா கன்னடத்தில் சொன்னது காதில் விழுந்தது. நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால் பற்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு அப்பால், எலும்புக்குள்ளே, இன்னொரு முழு வரிசை. கீழ்த்தாடையில் சில, மேலே மூக்கை ஒட்டிச் சில, கண்ணுக்குச் சற்றுக் கீழே இரண்டு. பெரிய மனுஷப் பற்கள். வேர் இன்னும் வளரவில்லை, தலை மட்டும் தயார். நான் தினமும் பவுடர் பூசி அனுப்புகிற அந்தத் துளி முகத்துக்குள் இத்தனையும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. யார் எப்போது வெளியே வர வேண்டும் என்பதுகூட அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா, ஒளகே இன்னொந்து ஹல்லு இதே!" என்று மகள் கத்தினாள். உள்ளே இன்னொரு பல் இருக்கிறதாம். வீட்டில் தமிழ் பேசினாலும் ஆச்சரியம் என்று வந்துவிட்டால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். எனக்கு எந்த பாஷையும் வரவில்லை.

நர்சிங்கில் இதையெல்லாம் படித்திருக்கிறேன்தான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அடுத்த நாள் டியூட்டியில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த ஒருவருக்கு வாய் சுத்தம் செய்யப் போனேன். குழாயை ஒதுக்கி, மருந்துத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் பல்லையும் ஈறையும் நாக்கையும் துடைக்கிற வேலை. தூக்கத்தில்கூடச் செய்வேன். அன்றைக்கு டார்ச்சை அடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். தேய்ந்த பல், சொத்தை விழுந்த பல், எப்போதோ போன பல்லின் இடத்தில் மூடிக்கொண்ட ஈறு. ஒரு ஆள் என்ன தின்றான், எந்தப் பக்கம் மென்றான், எதைப் பொறுத்துக்கொண்டான் என்பதெல்லாம் அங்கே இருந்தது. இத்தனை வருஷம் இத்தனை வாய்களைத் துடைத்திருக்கிறேன், ஒன்றையாவது பார்த்தேனா என்று மலைப்பாக இருந்தது.

நர்ஸ் வேலையை வெறுத்துத்தான் வெளியே வந்தேன் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த வேலைதான் என்னை ஆளாக்கியது. ஆனால் ஐசியுவில் இன்னது செய் என்று எழுதிவைக்க ஒரு டாக்டர், அதைச் செய்ய ஒருவர். நான் செய்கிறவள். பல் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா தானே பார்த்து, தானே முடிவெடுத்து, தன் விரலாலேயே என் மகளின் ஆடிய பல்லைச் சரிசெய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலியோடு வந்தவள் ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டே எழுந்து நடந்தாள். எனக்கு அது வேண்டும் என்று ஆசை வந்தது. வெட்கமில்லாத ஆசை.

ஆசையை வீட்டுக்காரரிடம் சொல்வதற்குள் படாதபாடு பட்டேன். அவர் தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். பல் டாக்டருக்குப் படிக்க நீட் எழுத வேண்டும், அதற்கு வயது வரம்பு இல்லை, பியுசி என்கிற பிளஸ் டூவில் சயன்ஸ் படித்திருந்தால் போதும் என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் பேச்சை எடுத்தேன். சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தபடியே கேட்டார்.

"ஒரு தடவ எழுது. ஒரே ஒரு தடவ. வரலேன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, சரியா?"

"சரிங்க."

"வந்துச்சுன்னா மைசூர்லதான். பாப்பா ஸ்கூல், என் ஷிஃப்ட், எல்லாம் இங்க இருக்கு."

அதற்கும் சரி என்றேன். அவர் அந்த அளவுக்கு இறங்கிவந்ததே எனக்குப் பெரிய விஷயம்.

விடுமுறை நாட்களில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். என்னோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பிறந்த காலத்தில் நான் பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். முதல் வாரம் ஆண்ட்டி என்றார்கள், அடுத்து மேடம், கடைசியில் அக்கா. பயாலஜியில் நான் அவர்களுக்கு வழிகாட்டினேன். பிசிக்ஸில் அவர்கள் என்னைத் தூக்கிச் சுமந்தார்கள். கப்பியையும் சாய்தளத்தையும் பார்த்தாலே எனக்குக் கண்ணைக் கட்டும். வார்டில் வேறு கிண்டல். "டாக்டரம்மா, அந்தப் பெட்பேன கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்பார்கள். நானும் சளைத்தவள் இல்லை. "பல்லு வலின்னு வருவீங்கல்ல, அப்ப வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போவேன்.

பரீட்சை நாளில் வாசலில் நின்ற காவலாளி என்னைப் பார்த்ததும், "பேரண்ட்ஸ் எல்லா ஆ கடெ நில்லி அம்மா" என்று எதிர்ப்புற மரத்தடியைக் காட்டினார். பெற்றோர்கள் எல்லாம் அந்தப் பக்கம் நிற்க வேண்டுமாம். ஹால் டிக்கெட்டை நீட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு, போலீஸ்காரர் மந்திரிக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றார். உள்ளே மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிவிட்டு அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். மே மாத வெயில், மின்விசிறிச் சத்தம், நூறு தலைகள் ஒரேயடியாகக் குனிந்த அந்த நிமிஷம். பயம் போய்ச் சிலிர்ப்பு வந்தது. இந்த வயதில் இப்படி ஒரு அறையில் எனக்கும் ஒரு மேஜை போட்டிருக்கிறார்களே என்று இருந்தது.

ரிசல்ட் வந்தது. ரேங்க் நான் நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

என் அப்பா தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர். சென்ட்ரிங் மேஸ்திரி. ஆஸ்பத்திரிக் கட்டடங்களுக்கும் பலகை அடித்திருக்கிறார். நான் பியுசி முடித்தபோது என்னை டாக்டராக்க ஆசைப்பட்டார், மார்க் பத்தவில்லை. நர்சிங்கில் சேர்த்துவிட்டு அதன் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது, வடக்கே ஒரு ஜில்லாவில் இந்த ரேங்குக்கு எம்பிபிஎஸ் சீட்டே வரலாம் என்று கோச்சிங் சென்டர் சார் சொன்னதை நான்தான் வாய் சும்மா இருக்காமல் அம்மாவிடம் உளறினேன். பொழுது சாய்வதற்குள் எங்கள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. அப்பா மைசூர்பாகோடு வந்து நின்றார்.

எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று நம் விருப்பத்தை வரிசைப்படுத்தி இணையத்தில் பதிய வேண்டும். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை தானாகப் போய்விடும். ஊர் உலகத்தில் எல்லோரும் எம்பிபிஎஸ் சீட்டுகளை மேலே அடுக்கி, ஒன்றும் கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று பல்லை அடியில் போடுவார்கள். நான் மைசூர் பல் மருத்துவக் கல்லூரியை முதலில் போட்டேன். வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், ஆனால் மைசூரிலேயே எம்பிபிஎஸ் கிடைத்திருந்தாலும் இதைத்தான் முதலில் போட்டிருப்பேன். பின்னால் நின்ற அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் வீட்டுக்காரரிடம், மேலே இருப்பது என்ன என்று கேட்டுவிட்டார். அவர் உண்மையைச் சொன்னார்.

"ஏங் கண்ணு, கை தவறிப்போச்சா? மாத்திப் போட்டுட்டியா?"

"இல்லப்பா. பல்லுதான் படிக்கப்போறேன்."

"இத்தன வருசம் ஆஸ்பத்திரில நின்னுபோட்டு, பெரிய டாக்டராவற நேரத்துல பல்லுப் புடுங்கப் போறேங்கற?"

"பல்லு டாக்டரும் டாக்டர்தாம்ப்பா."

"ஆரு இல்லீன்னா? ஆனா இலையில உழுந்தத உட்டுப்போட்டு ஆராச்சும் பக்கத்து இலையப் பாப்பாங்களா?"

அந்த எக்ஸ்ரேயைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். பேத்தியின் முகத்துக்குள் பற்கள் காத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். எனக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது, அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்? ஊருக்கு எம்பிபிஎஸ் என்று சொல்லிவைத்த மனிதர். மைசூர்பாகு டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டுப் போனார். நான் அழுதேன். அழுதுகொண்டே பட்டனை அழுத்தினேன். வரிசையை மாற்றவில்லை.

அதன் பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. வருவார், பேத்தியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார், நான் காபி கொடுத்தால் வாங்கிக்கொள்வார். முகத்தைப் பார்க்கமாட்டார். சீட் ஒதுக்கீடு வந்து, முதலில் போட்டதே கிடைத்தது என்று தெரிந்தபோது வீட்டுக்காரர் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. எனக்கோ பாதி சந்தோஷம்தான். அப்பாவின் கனவை இரண்டாம் தடவையும் நானே உடைத்துவிட்டேன் என்கிற நினைப்பு விட்டுப் போகவில்லை. பெற்றவர் மனசு குளிராமல் அந்தப் படியேறினால் அது என்ன படிப்பு என்று இருந்தது.

கல்லூரியில் சேரும் நாளில் வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் மாற்ற முடியவில்லை. துணைக்குப் போங்கள் என்று அம்மா அப்பாவை நெட்டித் தள்ளி அனுப்பினாள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சர்ட்டிபிகேட் பையை மடியில் வைத்து, ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அலுவலகத்தில் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். கீழே நோயாளிகள் காத்திருக்கிற பெரிய கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அப்பா அப்படியொரு கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை. தாடை வீங்கி, துண்டைத் தலையோடு சேர்த்துக் கட்டிய கரும்பு விவசாயி. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த தாய். சாமராஜநகர், ஸ்ரீரங்கப்பட்டணம், நஞ்சன்கூடு என்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்தவர்கள். கன்னத்தில் கைவைத்தபடி ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது.

"இத்தன பேரும் பல்லுக்காவவா வந்திருக்கறாங்க?" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

எங்களுக்கு எதிரே, வாயை முந்தானையால் மூடிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது வாயில் புதுப் பல்செட். கையில் யாரோ ஒரு கண்ணாடியைக் கொடுத்திருந்தார்கள். பார்த்தார். பழக்கத்தில் முந்தானை வாய்க்குப் போனது. பாதியில் நின்றது. மெல்லக் கையை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார். வெளியே காத்திருந்த அவருடைய வீட்டுக்காரர், தலையில் முண்டாசு, மனைவியை ஏற இறங்கப் பார்த்து, "யாரம்மா நீனு?" என்று கேட்டார். நீ யாரம்மா என்று. அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். மறைக்காமல், முழுசாக. அந்தச் சிரிப்பில் முகமே வேறாகிவிட்டது. எத்தனையோ பேர் உயிர் பிழைத்து எழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முகம் திரும்பி வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. திரும்பிப் பார்த்தால் அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்குள் என்னை மேலே கூப்பிட்டார்கள். பையிலிருந்து சான்றிதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அப்பாவைப் பெஞ்சிலேயே விட்டுப் போனேன். கையெழுத்துகள், சான்றிதழ்கள், ஒரு அடையாள அட்டை. இனி நான் மாணவி. படியிறங்கி வந்தபோது பெஞ்சில் பைதான் இருந்தது, அப்பா இல்லை. பதறிப்போய்த் தேடினேன். புது நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிற ஜன்னலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே இருந்தவர் என்ன தொந்தரவு, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா, பாதிக்கு மேல் தமிழ் கலந்த தன் மைசூர்க் கன்னடத்தில், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்: "நோவு ஒண்ணுமில்ல சார். எம் பொண்ணு இங்க டாக்டருக்குப் படிக்க வந்திருக்குது. இந்தப் பல்லுக இன்னும் அஞ்சு வருசம் தாங்குமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அப்பறம் அது பாத்துக்கும்."